தசை வளர்வது ஜிம்மில் இல்லை, படுக்கையில்... தெரியுமா?

இட்லிக்கு மாவு அரைக்கும்போது கிரைண்டர் என்ன சத்தம் போடுகிறது! ஆனால் மாவு பொங்குவது அப்போதா? இல்லையே! கிரைண்டரை நிறுத்தி, உப்புப் போட்டுக் கரைத்து, தட்டால் மூடி வைத்து, வீடே தூங்கப் போன பிறகுதானே பாத்திரம் நிரம்ப எழும்பி வருகிறது! அரைத்த கையோடு ஊற்றினால் இட்லியா வரும்? கல்தான் வரும்!

உங்கள் உடம்பின் தசையும் அந்த மாவு மாதிரிதான். தண்டாலும் பஸ்கியும் தம்பெல்ஸும் அரைக்கிற வேலை. பொங்குகிற வேலை? அது ஓய்வில், அதிலும் ராத்திரித் தூக்கத்தில்! நம்ப முடியவில்லையா? ஒவ்வொன்றாகப் பாருங்கள்!

அரிசிச் சிப்பத்தைவிடக் கனம்!

மனித உடம்பில் 600-க்கும் மேற்பட்ட தசைகள் இருக்கின்றன, தெரியுமா? உடல் எடையில் சுமார் 40 சதவீதம் தசைதான்! 70 கிலோ ஆள் என்றால் ஏறத்தாழ 28 கிலோ. 25 கிலோ அரிசிச் சிப்பத்தையும் மிஞ்சிய எடை! இத்தனையும் ஒரு தடவை கட்டி முடித்துப் பூட்டிய வீடு இல்லை. பழைய புரதம் உடைந்துகொண்டும், புதுப் புரதம் சேர்ந்துகொண்டும் இருக்கிறது. இந்த வேலைக்கு ஞாயிற்றுக்கிழமை லீவுகூடக் கிடையாது!

பயிற்சி ஒரு மணி நேரம்... கட்டுமானம் ஒன்றரை நாள்!

எடை தூக்கி முடித்து, வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, தூங்கியும் எழுந்துவிட்டீர்கள். உங்கள் கை மட்டும் இன்னும் வேலையை முடிக்கவில்லை என்றால் நம்புவீர்களா? 1995-ல் வெளியான கனடா ஆய்வு ஒன்றில், எடைப் பயிற்சி செய்த இளைஞர்களின் பைசெப்ஸ் தசையைச் சோதித்தார்கள். 4 மணி நேரம் கழித்து, புதுப் புரதம் உருவாகும் வேகம் 50 சதவீதம் கூடியிருந்தது. 24 மணி நேரம் கழித்து? 109 சதவீதம்! இரண்டு மடங்குக்கும் மேல்! 36 மணி நேரம் ஆனபோதுதான் வேகம் ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்தது. வேலை மும்முரமாக நடந்தது எப்போது பார்த்தீர்களா? மறுநாள், கை சும்மா இருந்தபோது!

வலி ஏன் ஒரு நாள் தாமதமாக வருகிறது?

முதல் தடவை கால் பயிற்சி செய்த அன்று ஜம்மென்று நடப்பீர்கள். மறுநாள் காலை? மாடிப்படி இறங்க முடியாது! இந்தத் தாமத வலியைப் பற்றி அமெரிக்க உடலியல் அறிஞர் தியோடர் ஹஃப் 1902-லேயே எழுதிவிட்டார்! பொதுவாக 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். லாக்டிக் அமிலம்தான் காரணம் என்று இன்றும் பல ஜிம்களில் சொல்கிறார்கள். ஆனால் பயிற்சியில் கூடிய லாக்டிக் அமிலம் ஓரிரு மணி நேரத்திலேயே ரத்தத்திலிருந்து வடிந்துவிடுகிறது! மறுநாள் வலி என்பது, தசை நாரில் விழுந்த நுண்ணிய சேதமும் அதைச் சரிசெய்யும் வேலையும். உள்ளே ரிப்பேர் நடக்கிறது என்று அர்த்தம்!

தசைக்குள்ளேயே தூங்குமூஞ்சிகள்!

1961-ல் அலெக்சாண்டர் மாரோ என்ற விஞ்ஞானி, தவளையின் தசையை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார். தசை நாரின் ஓரத்தில் குட்டிக் குட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தன சில செல்கள். 'சாட்டிலைட் செல்கள்' என்று பெயர் வைத்தார். இவை என்ன செய்கின்றன தெரியுமா? பெரும்பாலான நேரம் தூக்கம்! தசைக்கு அடிபட்டால், கடும் வேலை கொடுத்தால், திடுக்கென்று விழிக்கின்றன. பெருகுகின்றன. பழுதான நாரோடு ஒன்றாகக் கலந்து, தங்கள் உட்கருவையே தானம் செய்துவிடுகின்றன! உங்கள் உடம்பிலும் இவை இருக்கின்றன, இந்த நிமிடமும்!

ராத்திரி வரும் மேஸ்திரி!

வளர்ச்சி ஹார்மோன் எப்போது அதிகமாகச் சுரக்கிறது தெரியுமா? நாம் கண்ணயர்ந்து, முதல் ஆழ்தூக்கத்துக்குள் விழும்போது! 1968-ல் அமெரிக்க ஆய்வாளர்கள், தூங்குகிறவர்களிடம் அடிக்கடி ரத்தம் எடுத்து இதைக் கண்டுபிடித்தார்கள். அதைவிட வியப்பு, தூங்கப் போவதைத் தள்ளிப் போட்டால் ஹார்மோனும் தள்ளிப் போனது! ஆண்களுக்குத் தூக்கத்தில் எழும் வளர்ச்சி ஹார்மோன் அலைகளில் சுமார் 70 சதவீதம் ஆழ்தூக்கத்தோடு சேர்ந்தேதான் வருகின்றன. கடிகாரத்தைப் பார்த்து வருகிற மேஸ்திரி இல்லை இவர்! நீங்கள் தூங்கினால்தான் வருவார்!

40 வயதுக்குள் எங்கே போனது ஆழ்தூக்கம்?

இளவயதில் அடித்துப் போட்டாற்போல் தூங்கினோமே, நினைவிருக்கிறதா? சிகாகோவின் ஆய்வாளர் ஈவ் வான் காட்டர் குழு 149 ஆண்களின் தூக்கத்தை அலசி 2000-ல் ஒரு கணக்குக் கொடுத்தது. 16 முதல் 25 வயதில் தூக்கத்தில் 18.9 சதவீதம் ஆழ்தூக்கம். 36 முதல் 50 வயதில்? வெறும் 3.4 சதவீதம்! வளர்ச்சி ஹார்மோனும் அதோடு சேர்ந்தே சரிந்திருந்தது! கிடைக்கிற ஆழ்தூக்கம் எவ்வளவு விலைமதிப்பானது, பார்த்தீர்களா?

ஒரே ஒரு ராத்திரி... 18 சதவீதம் போச்சு!

'ஒரு நாள்தானே' என்று முழு ராத்திரியும் விழித்திருந்தால் என்ன ஆகும்? ஆஸ்திரேலியாவில் 13 இளம் ஆண்களையும் பெண்களையும் வைத்துப் பார்த்தார்கள். 2021-ல் முடிவு வெளியானது. தசைப் புரதம் உருவாகும் வேகம் 18 சதவீதம் சரிவு! தசையை உடைக்கும் பக்கம் நிற்கும் கார்டிசோல் 21 சதவீதம் உயர்வு! தசையைக் கட்டும் பக்கம் நிற்கும் டெஸ்டோஸ்டிரோன் 24 சதவீதம் குறைவு! கட்டுகிற கை தளர்ந்தது, இடிக்கிற கை ஓங்கியது! எல்லாம் ஒரே ராத்திரியில்!

ஒரு வாரத்தில் கூடிய வயது!

சரி, விடிய விடிய விழிக்கவில்லை. தினமும் 5 மணி நேரம் மட்டும் தூங்கினால்? சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 10 இளைஞர்கள் ஒரு வாரம் அப்படித் தூங்கினார்கள். பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் குறைந்துவிட்டது! 2011-ல் வந்த ஆய்வு இது. வயது ஏறும்போது இந்த ஹார்மோன் ஆண்டுக்கு 1 முதல் 2 சதவீதம்தான் குறையும். அப்படியானால் ஒரே வாரத்தில் எத்தனை வருஷம் ஓடியிருக்கிறது? நீங்களே கணக்குப் போடுங்கள்!

பட்டினி கிடந்தும் கொழுப்புக் கரையவில்லையே!

எடை குறைக்கக் கஷ்டப்படுகிறவர்களே, இதைக் கேளுங்கள்! 2010-ல் வெளியான இன்னொரு சிகாகோ ஆய்வு. கூடுதல் எடையுள்ள 10 பேர். 14 நாள், குறைந்த கலோரிச் சாப்பாடு. ஒரு தடவை படுக்கையில் 8.5 மணி நேரம், இன்னொரு தடவை 5.5 மணி நேரம். இரண்டு தடவையும் எடை ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்தது. ஆனால் குறைந்தது எது? நன்றாகத் தூங்கியபோது கொழுப்பு 1.4 கிலோ கரைந்தது. தூக்கம் கெட்டபோது 0.6 கிலோதான்! மீதி எங்கிருந்து போனது? தசை உள்ளிட்ட கொழுப்பில்லாத பகுதியிலிருந்து, 2.4 கிலோ! எடைக்கருவி இந்த ரகசியத்தைக் காட்டுமா? காட்டவே காட்டாது!

படுக்கும் முன் பால்... பாட்டிக்குத் தெரிந்திருக்கிறது!

பசும்பாலில் உள்ள புரதத்தில் சுமார் 80 சதவீதம் 'கேசீன்' என்ற வகை. மெதுவாகச் செரிக்கும் புரதம் இது. நெதர்லாந்தில் 2012-ல் ஒரு சோதனை. மாலையில் எடைப் பயிற்சி செய்த இளைஞர்களுக்குப் படுக்கும் முன் 40 கிராம் கேசீன் கொடுத்தார்கள். ராத்திரி முழுவதும் தசைப் புரதம் உருவாகும் வேகம் சுமார் 22 சதவீதம் அதிகம்! தூங்குகிற மனிதரின் குடல் செரித்துக்கொடுக்க, தசை வாங்கிக் கட்டிக்கொண்டே இருந்திருக்கிறது! ஒரு டம்ளர் பாலில் 40 கிராம் வராது, ஏழெட்டு கிராம்தான் இருக்கும். ஆனால் வழி சரியான வழிதானே!

சாயங்கால காபி ராத்திரி 11 மணிக்கும் முழித்திருக்கும்!

காபியில் உள்ள காஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகிறது, தெரியுமா? படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு எடுத்த 400 மில்லிகிராம் காஃபீன், தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் வெட்டிவிட்டது என்று 2013-ல் ஓர் ஆய்வு காட்டியது! ஜிம்முக்குப் போகும் முன் குடிக்கும் பவுடர்களில் என்ன இருக்கிறது என்று டப்பாவைத் திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? பலவற்றில் அதே காஃபீன்தான்! மதுவோ இன்னும் மோசம். பயிற்சிக்குப் பிறகு நிறைய மது குடித்தவர்களுக்கு, கூடவே புரதம் கொடுத்தும், தசைப் புரதம் உருவாகும் வேகம் 24 சதவீதம் குறைந்தது!

தூங்கி எழுந்தார்... உலக சாதனை படைத்தார்!

2008, பெய்ஜிங் ஒலிம்பிக். 100 மீட்டர் இறுதிப் போட்டி நாள். உசைன் போல்ட் என்ன செய்தார் தெரியுமா? காலை 11 மணி வாக்கில் எழுந்தார். டி.வி. பார்த்தார். சிக்கன் நக்கெட்ஸ் சாப்பிட்டார். மறுபடியும் இரண்டு மணி நேரம் தூங்கினார்! எழுந்து இன்னும் கொஞ்சம் நக்கெட்ஸ். அதன்பிறகு மைதானத்துக்குப் போய் 9.69 விநாடியில் ஓடி உலக சாதனை! இவ்வளவையும் அன்று நிருபர்களிடம் அவரே சொன்னார்!

பயிற்சியைக் கூட்டாமலே வேகம் கூடியது!

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர்கள் 11 பேரிடம் ஆய்வாளர் ஷெரி மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். தினமும் 10 மணி நேரம் படுக்கையில் இருங்கள்! 5 முதல் 7 வாரம். 86 மீட்டர் ஓட்டம் 16.2 விநாடியிலிருந்து 15.5 விநாடிக்கு இறங்கியது! ஃப்ரீ த்ரோ எறிவது 9 சதவீதம் மேம்பட்டது! புது ஷூ இல்லை, புது மாஸ்டர் இல்லை. தூக்கம்தான்!

அரை மணி நேரக் குட்டித் தூக்கம்!

ராத்திரி 4 மணி நேரம்தான் தூங்கினீர்களா? பிரிட்டனில் 10 பேரை அப்படித் தூங்க வைத்து, மதியம் அரை மணி நேரம் கண்ணயர விட்டார்கள். குறுகிய தூர ஓட்டத்தில் அவர்கள் வேகம் கூடியது! மதியம் சாப்பிட்டுவிட்டுத் துண்டை விரித்துப் படுத்த தாத்தாவை நாம் சோம்பேறி என்றா சொன்னோம்?

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை!

லாஸ் ஏஞ்சலஸில் விளையாட்டில் ஈடுபட்ட 112 மாணவர்களைக் கவனித்தார்கள். ராத்திரி 8 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கிய பிள்ளைகளுக்கு அடிபடும் வாய்ப்பு 1.7 மடங்கு! 13 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு எத்தனை மணி நேரத் தூக்கம் வேண்டும் தெரியுமா? 8 முதல் 10 மணி நேரம்! காலை 5 மணிக்கு மைதானம், ராத்திரி 12 மணி வரை செல்போன் என்றால் கணக்கு எப்படி உதைக்காமல் இருக்கும்?

கனவு வந்தால் கை கால் பூட்டிக்கொள்ளும்!

கனவில் துரத்துகிறார்கள், ஓடுகிறீர்கள், மரம் ஏறுகிறீர்கள். ஆனால் கட்டிலில் அசையவே இல்லை! எப்படி? கனவுகள் அதிகம் வரும் 'ரெம்' உறக்கத்தில் மூளைத்தண்டு உடம்பின் பெரிய தசைகளை எல்லாம் தற்காலிகமாக அணைத்துவிடுகிறது! விதிவிலக்கு யார்? கண்ணை உருட்டும் தசைகளும், மூச்சு விட வைக்கும் உதரவிதானமும்! பிரான்சின் ஆய்வாளர் மிஷேல் ஜுவே, பூனைகளின் மூளைத்தண்டில் இந்தப் பூட்டை மட்டும் நீக்கிப் பார்த்தார். என்ன ஆயிற்று? தூங்கும் பூனைகள் எழுந்து வேட்டையாடத் தொடங்கின, கனவிலேயே!

குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்பது தெரியும். ஆனால் ரெம் உறக்கம் வேண்டுமென்றால் அதுவும் படுத்தே ஆக வேண்டும்! தசை தளர்ந்தால் விழுந்துவிடுமே!

தூங்கினால்தான் வளரும்... ஆட்டுக்குட்டி சாட்சி!

"பிள்ளை தூங்கட்டும், தூங்கினாத்தான் வளரும்" என்று தொட்டிலை ஆட்டிக்கொண்டே பெரியவர்கள் சொல்வார்களே, அது வெறும் பேச்சா? 2004-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஆட்டுக்குட்டிகளின் கால் எலும்பில் நுண்கருவி பொருத்தி அளந்தார்கள். எலும்பு வளர்ந்ததில் 90 சதவீதமாவது குட்டி படுத்திருந்த நேரத்தில்தான்! நின்றபோதும் துள்ளியபோதும் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை!

தூங்கும் கைக்குழந்தையின் விரலும் காலும் வெட்டி வெட்டி இழுக்குமே, பார்த்திருக்கிறீர்களா? எலிக்குட்டிகளை ஆராய்ந்தவர்கள் சொல்வது, ஒரு நாளில் ஆயிரக்கணக்கான துடிப்புகள்! எந்த நரம்பு எந்தத் தசைக்கு என்று மூளை பாடம் படிக்கும் நேரம் அது!

மூளையின் தூக்கத்தைத் தசை கவனிக்கிறது!

தூக்கம் மூளையின் வேலை என்றுதானே நினைத்தீர்கள்? 2017-ல் விஞ்ஞானிகளே அசந்துபோனார்கள்! உடல் கடிகாரத்துக்கு வேண்டிய 'பிமால்-1' என்ற மரபணு இல்லாத எலிகள் தூக்கக் குறைவிலிருந்து சரியாக மீளவில்லை. அந்த மரபணுவை மூளையில் திருப்பிக் கொடுத்தார்கள். பலனில்லை! தசையில் கொடுத்தார்கள். எலிகள் தேறிவிட்டன! தசைக்குத் தூக்கம் வேண்டும், தூக்கத்துக்குத் தசையும் வேண்டும்!

130 நாள் படுத்தும் இளைக்காத பலசாலி!

குளிர்காலம் முழுக்கச் சோறு இல்லை, தண்ணீர் இல்லை. வசந்தத்தில் குகையை விட்டு எழுந்து நடக்கிறது கறுப்புக் கரடி! 130 நாள் உறக்கத்தில் அது இழந்த தசை வலிமை 23 சதவீதத்துக்கும் குறைவு என்று 2001-ல் அளந்தார்கள். அதே 130 நாள் மனிதர் அசையாமல் படுத்திருந்தால்? 90 சதவீதம் போய்விடும் என்று கணக்கிட்டார்கள்! கரடியின் ரகசியம் என்ன? சிறுநீரில் போக வேண்டிய யூரியாவைக்கூட வீணாக்காமல் திரும்பப் புரதமாக்கிக்கொள்கிறது!

ஆனால்... சும்மா படுத்திருப்பது ஓய்வில்லை!

நாம் கரடி இல்லையே! ஆரோக்கியமான முதியவர்கள் 12 பேர் 10 நாள் படுக்கையிலேயே இருந்தார்கள். கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய 1 கிலோ தசை காணாமல் போனது! விண்வெளி வீரர்களுக்கு 5 முதல் 11 நாள் பயணத்திலேயே 20 சதவீதம் வரை தசை குறையலாம் என்கிறது நாசா. அதனால்தான் விண்வெளி நிலையத்தில் தினமும் சுமார் 2 மணி நேரம் பயிற்சி! மாவு அரைக்காமல் வெறும் பாத்திரத்தை மூடி வைத்தால் விடிந்ததும் என்ன இருக்கும்?

ஓயாத இதயமும் ஓய்வெடுக்கிறது!

ஒரு நாளில் சுமார் 1 லட்சம் தடவை துடிக்கும் இதயம் ஓய்வே எடுப்பதில்லை என்றா நினைத்தீர்கள்? நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் ஒவ்வொன்றும் 0.8 விநாடி. அதில் கீழறைகள் சுருங்குவது சுமார் 0.3 விநாடி. மீதி 0.5 விநாடி தளர்வு! கூட்டிப் பாருங்கள், ஒரு நாளில் சுமார் 15 மணி நேரம் ஓய்வு! ஆயுள் முழுக்க உழைக்கும் தசையே பாதி நாளுக்கு மேல் இளைப்பாறுகிறது!

3 நிமிடமா, 1 நிமிடமா?

ஒரு செட் முடிந்ததும் மூச்சு வாங்க வாங்க அடுத்த செட்டுக்குப் பாய்கிறீர்களா? பயிற்சி அனுபவமுள்ள 21 இளைஞர்கள், 8 வாரம். ஒரு பிரிவுக்கு இடையில் 1 நிமிட ஓய்வு, இன்னொன்றுக்கு 3 நிமிடம். வலிமையும் தசைப் பருமனும் எதில் அதிகம் கூடின? 3 நிமிடம் உட்கார்ந்திருந்தவர்களிடம்! 2016-ல் வந்த முடிவு இது!

மூன்று வாரம் லீவு போட்டும் தோற்கவில்லை!

ஜப்பானில் 14 இளைஞர்கள், 24 வாரம், பெஞ்ச் பிரஸ். பாதிப் பேர் விடாமல் செய்தார்கள். மீதிப் பேர் 6 வாரம் செய்து 3 வாரம் முழு லீவு, மறுபடி 6 வாரம், மறுபடி 3 வாரம் லீவு! கடைசியில் யார் ஜெயித்தார்கள்? இரு தரப்பும் ஏறக்குறைய சமம்! 25 சதவீதம் குறைவாகப் பயிற்சி செய்தும்! காய்ச்சலில் நான்கு நாள் ஜிம்முக்குப் போகாததற்கா அழுகிறீர்கள்?

பெரிய போட்டிக்கு முந்திய ஓரிரு வாரம் நீச்சல் வீரர்கள் பயிற்சியைக் கூட்டுவார்களா, குறைப்பார்களா? குறைப்பார்கள்! அதனால் சுமார் 3 சதவீதம் வரை திறன் கூடுகிறது! விநாடியில் நூறில் ஒரு பங்கு பதக்கத்தைத் தீர்மானிக்கும் இடத்தில் 3 சதவீதம் எவ்வளவு பெரிது!

டிகாக்‌ஷன் நிறத்தில் ஓர் அபாயம்!

ஓய்வே கொடுக்காமல், பழக்கமில்லாத உடம்பைச் சக்கையாகப் பிழிந்தால்? தசை நார்கள் உடைந்து, உள்ளிருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து, சிறுநீர் காபி டிகாக்‌ஷன் நிறத்தில் போகலாம்! சிறுநீரகமே செயலிழக்கலாம்! 1941-ல், லண்டன் குண்டுவீச்சில் இடிபாடுகளுக்குள் தசை நசுங்கி மீட்கப்பட்டவர்களிடம் மருத்துவர்கள் கண்டு எழுதிய அதே வகைச் சிக்கல் இது. ஜிம்முக்குப் போன மறுநாள் இந்த நிறத்தைப் பார்த்தால் ஒரு நிமிடமும் யோசிக்காதீர்கள், ஓடுங்கள் மருத்துவமனைக்கு!

அப்படியானால் எத்தனை மணி நேரம்?

பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரம்! அமெரிக்கத் தூக்க மருத்துவ வல்லுநர்கள் 2015-ல் சேர்ந்து சொன்ன அளவு இது. ஆழ்தூக்கத்தின் பெரும்பங்கு ராத்திரியின் முதல் பாதியில் வருகிறது. ரெம் உறக்கம் விடியலை நோக்கிக் கூடுகிறது. எந்தப் பக்கம் வெட்டினாலும் நஷ்டம் நமக்குத்தான்!

இன்று எடை தூக்கினீர்களா? தண்டால் எடுத்தீர்களா? சபாஷ்! மாவு அரைத்தாகிவிட்டது! இனி என்ன? செல்போனைத் தள்ளி வையுங்கள். விளக்கை அணையுங்கள். பாத்திரத்தை மூடிவிட்டால் அடிக்கடி திறந்து பார்க்கக் கூடாது, தெரியும்தானே? பொங்குகிற நேரம் இது!